கெப்போங்கில் மூன்று

நவம்பர் பிறந்து ஒன்பது நாள்.
கனடாவில் இருக்கும் அண்ணன்
வாசற்படியில் அடிக்குச்சியை நட்டுப் படம் அனுப்புகிறான்:
இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது,
எங்கள் தெருவில் எட்டு அங்குலம்,
அடுத்த தெருவில் ஆறுதான்.
அந்த 'தான்'-இல்
மனை வாங்கியவனின் மிதப்பு.

எனக்குப் புரிகிறது.
செந்தூலில் பதினோராவது மாடி,
துணிக்கம்பிக்கு அப்பால்
கழுத்தறுத்த போத்தல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.
நேற்று அதில் பத்தொன்பது மில்லிமீட்டர்.
கெப்போங் தேவகுமரனுக்கு நாற்பத்திரண்டு.
அம்பாங் நோரைனிக்கு அறுபத்தொன்று.
அவளுக்கென்ன,
மேகம் வந்து முட்டுகிற இடத்தில் வீடு.
செராஸ் சொக்கநாதனுக்குத் தூறலும் இல்லை.
மூன்று நாளாய் எங்களோடு பேச்சும் இல்லை.

'அந்த உயரத்தில் காற்றே பாதியைக் குடித்துவிடும்,
உன் கணக்கு செல்லாது' என்பான் தேவகுமரன்.
வாடகைக் கார் ஓட்டுகிறவன்.
ஜாலான் ஈப்போவில் வெயில்,
சுரங்கம் தாண்டினால் வெள்ளம் என்று
பயணிகளிடம் ஊரைக் கோடு கிழித்துக் காட்டுவான்.
பலர் காதில் இசைக்குமிழ் மாட்டிக்கொள்வார்கள்.

மழை எங்களுக்குச் சோறு.
நாங்கள் ஏங்கியது வேறொன்றுக்கு.
ஆலி என்று ஒரு பழஞ்சொல் உண்டு தமிழில்,
வாயில் வைத்தால் கரைந்துபோகும் அளவுக்குச் சின்னது.
ஆறு வருடக் குறிப்பேட்டில்
அதற்கென்று ஒரு பத்தி கிழித்து வைத்திருக்கிறேன்.
மேலிருந்து கீழ்வரை
சுழியம் சுழியம் சுழியம்,
யாரோ நூலில் கோத்துத் தொங்கவிட்டது போல.

பதினோராம் தேதி, நாலேகால் மணி.
வடமேற்கில் வானம்
வல்லாரை அரைத்த நிறத்துக்கு வந்தது.
வேலையிடத்தில் வயிற்றுவலி என்று சொல்லி
வீட்டுக்கு ஓடி வந்தேன்.
பால்கனியில் நின்றேன், கையில் அலுமினியச் சட்டி.
விழுந்தது தண்ணீர்.
வெறும், வழக்கமான, நனைக்கிற தண்ணீர்.

கைப்பேசி அடித்தது.
'கேக்குதா?' என்றான்.
பிறகு அவன் பேசவில்லை, கையை வெளியே நீட்டியிருக்க வேண்டும்.
தகரக் கூரைமேல்
மூட்டை மூட்டையாய்க் கொண்டைக்கடலை.
ஒன்றரை நிமிடம்.
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்,
ஒரு காதில் கெப்போங்,
மறு காதில் செந்தூல்.

மறுநாள் ரயில் ஏறிப் போனேன்.
பெட்டியில் எல்லோரும் சாதாரணமாக இருந்தார்கள்.
'மூணு எடுத்து வச்சிருக்கேன்' என்று
உறைபெட்டியைத் திறந்தான்.
கெம்போங் மீன், ரொட்டிச் சானாய்ப் பொட்டலம்,
அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு நீலக் கிண்ணம்.
உள்ளே
கிண்ணம் நிறைய ஒரே கட்டி.

வெளிறிப் போனான்.
கதவோரம் அவன் மகள் யாழ்மதி, ஆறு வயது:
'ரொம்பக் குட்டியா இருந்துச்சுப்பா.
பைப்புத் தண்ணி ஊத்திப் பெருசாக்கினேன்.'

திட்ட வாய் வரவில்லை யாருக்கும்.
சன்னலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தோம்.
குழாய்நீரின் தெளிவுக்குள்ளே
மூன்று பால்வெள்ளைப் புள்ளிகள்,
ஒன்று கொஞ்சம் ஒருக்களித்து.
அளவுகோல் எடுத்தான்.
'ஏழு மில்லிமீட்டர்' என்றான்.
'ஆறரை' என்றேன்.
'பனிக்கட்டி ஒளியை வளைக்கும், உனக்குத் தெரியாது.'
'அப்படியானால் ஆறுதான்.'

சண்டை முடிவதற்குள்
விரல் வழியே சொட்டத் தொடங்கியது.
யாழ்மதி கீழே கையேந்தி நின்றாள்.

திரும்பும் வழியில் குறிப்பேட்டைத் திறந்தேன்.
செந்தூல்: பதினேழு மில்லிமீட்டர். ஆலி: சுழியம்.
பேனாவை எடுக்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பக்கத்தில் சின்னதாக எழுதினேன்,
காதில் விழுந்தது.

அண்ணனிடமிருந்து செய்தி:
இன்றைக்குப் பதினொரு அங்குலம், உங்கே?